குர்து புலம்பெயர்ந்தோரும் பெண்ணுறுப்புச் சிதைப்பும்: "இது எங்கள் வழக்கமல்ல" என்ற பதிலை எப்படிப் படிப்பது?

கேள்வி: வடபுலத்து மாணவி

நண்பர்களுக்கு வணக்கம். சமூகப்பணித் துறையில் முதுகலை ஆய்வேடு ஒன்றுக்காக, வட ஐரோப்பிய நாடுகளில் குடியேறியிருக்கும் குர்து மக்கள் பெண் பிறப்புறுப்புச் சிதைப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்று படித்து வருகிறேன். நான் பேசிப் பார்த்த பலரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வருகிறது: "இது குர்துகளின் வழக்கமல்ல, அரபுகளிடமிருந்து வந்தது, அல்லது மதத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது." இப்படிச் சொல்பவர்களில், சிதைப்பு பரவலாக இருந்த ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

பின்லாந்தில் 2010 முதல் 2012 வரை நடந்த குடியேறியோர் உடல்நலக் கணக்கெடுப்பில், குர்துப் பெண்களில் சுமார் 32 விழுக்காட்டினர் தங்களுக்கு இது செய்யப்பட்டிருப்பதாகக் கூறினார்கள். மூன்றில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த ஒன்றை அந்தச் சமூகமே "எங்களுடையதல்ல" என்று சொல்லும்போது, அதை உண்மையை மூடி மறைப்பதாக எழுதுவதா, அல்லது தாங்கள் யார் என்பதைப் புதிதாக வகுத்துக்கொள்ளும் முயற்சியாக எழுதுவதா? என் நெறியாளர் முதலாவது விளக்கத்தை விரும்புகிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை; ஆனால் மறுத்துச் சொல்லப் போதிய பிடிமானமும் இல்லை. குர்து வரலாறு தெரிந்தவர்களும், மருத்துவத் துறையிலோ சட்டத் துறையிலோ இதனோடு தொடர்புடையவர்களும் உதவினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பழைய வாசகர்

துருக்கி, ஈராக், ஈரான், சிரியா ஆகிய நாடுகளில் பரவி வாழும் மக்களைக் "குர்துகள்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. துருக்கியிலிருந்து வந்த குர்து ஒருவர் "இது எங்களிடம் இல்லை" என்றால் அவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். ஈராக்கிலேயே கூட, குர்து மொழியின் ஒரு கிளையான குர்மாஞ்சியில் பாதினி வழக்கைப் பேசும் தோஹுக் மாகாணத்தில் இது மிக அரிது. மற்றொரு கிளையான சொரானி பேசும் எர்பில், சுலைமானியா, அவற்றுக்குத் தெற்கே உள்ள கர்மியான் வட்டாரம், எல்லைக்கு அப்பால் ஈரானின் குர்திஸ்தான், கெர்மான்ஷா, மேற்கு அசர்பைஜான் மாகாணங்களின் சில பகுதிகள் ஆகியவைதான் இது வேரூன்றியிருந்த இடங்கள். 2011 இல் நடந்த யுனிசெஃப் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் எர்பிலில் 58 விழுக்காடும் சுலைமானியாவில் 54 விழுக்காடும் கிர்குக்கில் 20 விழுக்காடும் பதிவாயின.

மதம்தான் காரணம் என்ற விளக்கமும் பாதி தூரம்தான் செல்லும். குர்துகளில் பெரும்பான்மையினர், சுன்னி இஸ்லாத்தின் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அந்த மத்ஹபின் நூல்களில் கத்னா என்னும் பிறப்புறுப்பு வெட்டு ஆண், பெண் இருபாலருக்கும் கடமை என்ற கருத்து வலுவாக இருப்பதால், கிராமத்து முல்லாக்கள் அதைத் துணைக்கு அழைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் தோஹுக்கிலும் துருக்கியிலும் வாழும் குர்துகளும் பெரும்பாலும் அதே ஷாஃபிஈகள்தாம். ஆகவே நூலில் இருப்பது மட்டும் வழக்கத்தை உண்டாக்கிவிடவில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 2010 அறிக்கையைப் படித்தால், வெட்டப்படாத பெண் சமைத்த உணவும் அவள் கையால் தரும் தண்ணீரும் "ஹராம்" என்று ஒதுக்கப்பட்ட செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். சிறுமியைப் பிடித்து உட்கார வைத்தவர்கள் தாயும் பாட்டியும் அண்டை வீட்டுப் பெண்களும். சவர பிளேடால் வெட்டியவள் ஊர்க் கிழவி. புண்ணின் மேல் தூவியது அடுப்புச் சாம்பல். பெண்களின் அடுப்படிக்குள்ளேயே பிறப்பித்து அங்கேயே நிறைவேற்றப்பட்ட தீர்ப்பு அது. ஆண்கள் பலர் அது எப்போது நடந்தது என்றே அறியாமல் இருந்திருக்கிறார்கள்.

"அரபுகளிடமிருந்து வந்தது" என்ற வாதத்துக்கு வருகிறேன். 2018 யுனிசெஃப் கணக்கெடுப்பின்படி, ஈராக்கின் தன்னாட்சிப் பகுதியான குர்திஸ்தானில் பெண்களிடையே 37.5 விழுக்காடு, அரபுகள் பெரும்பான்மையாக வாழும் தெற்கு, நடு ஈராக்கில் 0.4 விழுக்காடு. கிர்குக்கில் அரபு, துருக்மேன் குடும்பங்களிலும் இது இருந்தது என்பது மெய்தான். ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால், ஈராக் என்ற நாட்டுக்குள் இது முதன்மையாகக் குர்துப் பகுதியின் வழக்கமாகவே இருந்திருக்கிறது. "அரபு வழக்கம்" என்று சொல்பவர் புள்ளிவிவரத்தைச் சொல்லவில்லை. தான் யாராக இருக்க விரும்பவில்லை என்பதைச் சொல்கிறார். உங்கள் நெறியாளருக்குச் சொல்லக்கூடிய விடை இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த விருப்பமின்மைக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1988 இல் பாக்தாத் அரசு நடத்திய அன்ஃபால் அழித்தொழிப்பில் மிகக் கொடுமையாக அடிபட்ட பகுதிகளில் கர்மியானும் ஒன்று. கிராமங்கள் தரைமட்டமாக்கப்பட்டன, ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவே இல்லை. அதே ஆண்டு மார்ச் 16 அன்று ஹலப்ஜாவில் நச்சுவாயு வீசப்பட்டது. இத்தகைய மண்ணிலிருந்து வந்தவரிடம் "உங்கள் பெண்களுக்கு நீங்களே செய்தது" என்று ஓர் ஐரோப்பியர் பேச்சைத் தொடங்கினால், அவர் வாயில் முதலில் வருவது விளக்கமாக இருக்காது, தற்காப்பாகத்தான் இருக்கும்.

மறுமொழி 2: மகப்பேற்றுச் செவிலி

நான் வட ஐரோப்பிய நாடு ஒன்றில் கர்ப்பிணிகளுக்கான நலமையத்தில் பணிபுரிகிறேன். பழைய வாசகர் வரலாற்றைச் சொல்லிவிட்டார். அது பரிசோதனை அறைக்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதல் சந்திப்பில் நிரப்ப வேண்டிய படிவத்தில் இதைப் பற்றிய கேள்வி இருக்கிறது. சோமாலியப் பெண் வந்தால் எல்லாரும் தவறாமல் கேட்பார்கள். ஈராக் என்று பார்த்தால் பல சமயம் கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுவார்கள். அந்த நாட்டின் பெயர் யாருடைய மனத்திலும் மணியடிப்பதில்லை. அப்படித் தாண்டாமல் ஒரு பெண்ணிடம் நான் கேட்டபோது, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் குர்து" என்று மட்டும் சொன்னார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. உடன் இருந்த மொழிபெயர்ப்பாளர் துருக்கியைச் சேர்ந்த குர்து. அவர் என் பக்கம் திரும்பி, "எங்களிடம் இந்தப் பழக்கம் கிடையாது" என்று தானாகவே ஒரு வரியைச் சேர்த்தார். நான் "இல்லை" என்று குறித்துக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து, மொழிபெயர்ப்பாளர் இல்லாத ஒரு சந்திப்பில், அவர் தனக்குத் தெரிந்த அளவு உள்ளூர் மொழியில் கேட்டது இது: "பிரசவத்தின்போது அது உங்களுக்குத் தெரியுமா? என் கணவர் அறையில் இருப்பாரே." அவருடைய கணவரும் அதே மாவட்டத்தைச் சேர்ந்தவர்; அங்கே சுவரொட்டி ஒட்டி இந்த வழக்கத்துக்கு எதிராக இயங்கியவர் என்பது பிறகு பேச்சில் வெளிவந்தது. வெட்டுக்கு எதிராகப் பேசும் ஓர் ஆணின் மனைவி, தன் உடலில் அது இருப்பதைப் பற்றி அவரிடமே வாய் திறக்க முடியாமல் இருந்திருக்கிறார்.

மருத்துவ நோக்கில் ஒன்று சேர்க்க வேண்டும். குர்துப் பகுதிகளில் நடப்பது பெரும்பாலும் உலக சுகாதார நிறுவனம் முதல் வகை என்று பிரித்திருப்பது. பெண்குறிக் காம்பின் ஒரு பகுதியையோ அதன் மேல்தோலையோ வெட்டுவது. சோமாலியாவிலும் சூடானிலும் காணப்படும் தைத்து மூடும் முறை இங்கே இல்லை. நான்கு முதல் ஏழு வயதுக்குள் நடந்து ஆறிப்போன தழும்பைப் பயிற்சி இல்லாத கண்கள் எளிதில் தவறவிடும். சில பெண்களுக்கே தங்களுக்கு நடந்ததா என்பது நிச்சயமாகத் தெரிவதில்லை; ஒரு காலைப்பொழுதும் வலியும் அதன்பின் கையில் கொடுத்த இனிப்பும்தான் நினைவில் இருக்கின்றன. ஆகவே நீங்கள் சொன்ன 32 விழுக்காடு என்பது பெண்கள் தாமாகச் சொன்னதை வைத்துத் தொகுத்த எண் என்பதை ஆய்வேட்டில் தெளிவாக எழுதுங்கள்.

இந்தச் சந்திப்புக்குப் பிறகு என் மனத்தில் நிலைத்துவிட்ட ஐயம் ஒன்று உண்டு. "உண்மையான குர்து இதைச் செய்யமாட்டார்" என்ற பேச்சு, மகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் தாயை எங்கே நிறுத்துகிறது?

மறுமொழி 3: மாற்றுக்கருத்து

மேலே இருவரும் எழுதியதை மதிக்கிறேன். இருந்தாலும் தேசிய அடையாளப் பேச்சை நோய்க்குறி போல நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பேச்சுதான் வேலை செய்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் பாருங்கள்.

2004 இல் வாடி என்ற ஜெர்மனிய–ஈராக்கியத் தொண்டு நிறுவனத்தின் நடமாடும் குழுக்கள் கர்மியான் கிராமங்களில் பெண்களோடு பேசத் தொடங்கியபோதுதான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது. எண்கள் வெளிவந்தபோது, குர்திஸ்தானின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று உள்ளூரிலேயே எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் 2007 இல் 14,000 கையெழுத்துகளோடு தடைச்சட்டம் கோரி நாடாளுமன்றத்துக்கு மனு சென்றதே, அதைத் திரட்டியவர்கள் குர்துகள்தாம். 2010 ஜூலையில் குர்திஸ்தான் இஸ்லாமிய அறிஞர்கள் ஒன்றியத்தின் ஃபத்வாக் குழு, இது இஸ்லாத்துக்கு முற்பட்ட வழக்கம், மார்க்கம் இதைக் கட்டாயமாக்கவில்லை என்று அறிவித்தது. முழுத் தடையாக அது இல்லை என்றாலும் முல்லாக்களின் கையிலிருந்த ஆயுதம் மழுங்கியது. 2011 ஜூனில் குர்திஸ்தான் நாடாளுமன்றம் 8 ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றி, குடும்ப வன்முறையோடு சேர்த்து இதையும் குற்றமாக்கியது. பாக்தாத்தில் இன்றுவரை இதற்கென ஒரு தனிச் சட்டம் இல்லை. கிர்குக் குர்திஸ்தான் ஆட்சிக்கு வெளியே இருப்பதால் அங்குள்ள சிறுமிக்கு இந்தச் சட்டத்தின் காப்பும் கிட்டுவதில்லை.

"நாங்கள் அண்டை நாடுகளைவிட முன்னேறியவர்கள், எங்கள் பெண்கள் சுதந்திரமானவர்கள்" என்று உலகத்திடம் சொல்லிக்கொள்ள விரும்பிய ஓர் ஆட்சி, அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டிய நிலை ஏற்பட்டது. 2018 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளிடையே இந்த விகிதம் தாய்மாரின் விகிதத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. ஒரே தலைமுறையில் இவ்வளவு சரிவு நேர்ந்த இடங்கள் உலகில் குறைவு. "வெட்கக்கேடு" என்ற உணர்ச்சியும் அதில் பங்காற்றியது என்றால், அதை இழிவாகப் பேசுவானேன்?

புலம்பெயர்ந்தோரிடமும் இதே இயக்கம்தான் நடக்கிறது. சுவீடனுக்கு 1970களிலும் 1980களிலும் வந்த குர்துகளில் கணிசமானோர் துருக்கியிலிருந்து தப்பிய இடதுசாரிகளும் எழுத்தாளர்களும். குர்மாஞ்சிப் பதிப்புலகமே ஒரு காலத்தில் ஸ்டாக்ஹோமில்தான் தழைத்தது. அவர்கள் வரைந்து வைத்த குர்துப் பெண்ணின் உருவம் மலைப்போராளி, பாடகி, ஆசிரியை. அண்மையில் சிரியாவின் குர்துப் பகுதியான ரொஜாவாவில் ஐ.எஸ். அமைப்பை எதிர்த்து நின்ற பெண்கள் படையும், 2022 செப்டம்பரில் சக்கேஸ் நகரத்து ஜீனா அமினி தெஹ்ரானில் காவலில் இறந்தபின் உலகமெங்கும் ஒலித்த "ஜின், ஜியான், ஆசாதி" (பெண், வாழ்வு, விடுதலை) முழக்கமும் அந்த உருவத்தை இன்னும் உறுதியாக்கின. ஹெல்சிங்கியில் வளரும் ஒரு சொரானிக் குடும்பத்துப் பெண் இந்த உருவத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு, "இதில் வெட்டுக்கு இடமில்லை" என்று சொல்வதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

வடபுலத்து மாணவி

மூவருக்கும் நன்றி. மாற்றுக்கருத்து அவர்களே, நீங்கள் சொல்லும் சரிவை நான் மறுக்கவில்லை. ஆனால் செவிலி அம்மா கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறதே. வழக்கம் ஒழிந்தது வேறு, அதை அனுபவித்தவர் பேச முடிவது வேறு. முதலாவதைச் சாதித்த அதே பேச்சு இரண்டாவதைத் தடுக்கிறது என்று எழுதினால், அது இந்த நாடுகளின் வலதுசாரிகளுக்குத் தீனியாகிவிடுமோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது.

மறுமொழி 4: சட்டநோக்கு

அந்த அச்சம் குர்துகளுக்கும் இருக்கிறது. அவர்களுடைய பதில்களை வடிவமைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

சுவீடன் 1982 லேயே இதைத் தடைசெய்தது. மேற்கு நாடுகளில் அதுதான் முதற்சட்டம். நார்வே 1995, டென்மார்க் 2003, ஜெர்மனி 2013 என்று மற்றவை தனித்த சட்டங்களோடு தொடர்ந்தன. வெளிநாட்டுக்குக் கொண்டுசென்று செய்தாலும் குற்றமே. சுவீடனில் 2020 ஜூலை முதல், இந்த ஆபத்து இருப்பதாகக் கருதப்படும் குழந்தை நாட்டைவிட்டு வெளியேறவே தடை விதிக்க முடியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 அக்டோபர் முதல், 18 வயதுக்கு உட்பட்ட சிறுமிக்கு இது நடந்திருப்பதை அறியும் மருத்துவரும் ஆசிரியரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கோடை விடுமுறைக்கு எர்பிலுக்குப் போய்ப் பாட்டியைப் பார்த்துவர நினைக்கும் ஒரு குடும்பத்தின் நிலையிலிருந்து இதை எண்ணிப் பாருங்கள். ஆய்வாளர் முன் உட்கார்ந்து "என் தாயார் இதை நல்லதென்று நினைத்தார்" என்று சொல்வது, தன் மகளுக்கு ஆபத்து இருக்கிறது என்பதற்கான சாட்சியமாக எங்கேயோ பதிவாகுமோ என்ற கணக்கு அந்தத் தாயின் மனத்தில் ஓடாமல் இருக்காது.

இதற்கு முன்னோடியான அனுபவம் ஒன்றும் உண்டு. தன் விருப்பப்படி வாழ முற்பட்டதற்காகக் குடும்பத்தாரால் மிரட்டப்பட்ட குர்துப் பெண் ஃபாதிமே ஷாஹிந்தால் 2001 நவம்பரில் சுவீடன் நாடாளுமன்றத்தில் பேசினார். இரண்டே மாதங்களில், 2002 ஜனவரி 21 அன்று, உப்சாலாவில் தன் தந்தையால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் பல மாதங்கள் நாடெங்கும் நடந்த விவாதத்தின் மையத்தில் "இது குர்துப் பண்பாடா?" என்ற கேள்வி நின்றது. தங்கள் மொழிக்கும் நிலத்துக்கும் உலகில் ஓர் இடம் கேட்டுப் போராடி வந்த மக்கள், தங்கள் பெயர் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் வந்தது இதற்காகத்தான் என்பதைக் கண்டார்கள். சொந்த அரசு இருப்பவருக்குப் பண்பாட்டைக் கண்டிப்பது எளிது. மறுநாள் அவருடைய தேசம் அங்கேயேதான் இருக்கும். ஈராக்கின் குர்திஸ்தானில் தனிநாடு கேட்டு நடந்த 2017 செப்டம்பர் வாக்கெடுப்பில் 92 விழுக்காட்டுக்கு மேல் "ஆம்" என்று சொல்லியும் நாடு கிடைக்காதவர்களுக்கு நற்பெயர் என்பதே ஒரு வகை அரசியல் முதல். அதைச் செலவழிக்கத் தயங்குவார்கள்.

எனவே நீங்கள் வைத்த இரு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ஒரே வாக்கியம் வீட்டுக்குள் தாத்தா பாட்டியை நோக்கிச் சொல்லப்படும்போது சீர்திருத்தம். அதுவே அதிகாரியையும் ஆய்வாளரையும் நோக்கிச் சொல்லப்படும்போது தற்காப்பு. யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை ஒவ்வொரு நேர்காணலிலும் குறித்து வைத்திருந்தால் உங்கள் தரவே பாதி விடையைச் சொல்லிவிடும். வலதுசாரிகள் எடுத்தாள்வார்கள் என்பதற்காக எழுதாமல் விடாதீர்கள். பெண்கள் பேச முடியாமல் போவதற்கு அவர்களுடைய கூச்சலும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்தே எழுதலாம்.

மறுமொழி 5: பழைய வாசகர்

சட்டநோக்கு அவர்கள் கடைசியாகச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மாற்றுக்கருத்து அவர்களுக்கு ஒரு வார்த்தை: தேசியப் பேச்சு பயன்பட்டது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் கர்மியானில் வேலை செய்தது அந்தப் பேச்சு மட்டுமன்று. நடமாடும் குழுவில் மருத்துவம் தெரிந்த பெண்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, வெட்டப்பட்டவர்களையே முதலில் பேச விட்டார்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் முழக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த முற்றம் இன்னும் வந்து சேரவில்லை. சுலைமானியாவில் 2015 வாக்கில் பண்டைய ஈரானிய மதமான ஜரதுஷ்டிர மதத்துக்குத் திரும்பியவர்கள் "இஸ்லாத்துக்கு முந்தைய குர்துப் பெண் முழு விடுதலையோடு வாழ்ந்தாள்" என்று பேசுவதையும் இதோடு சேர்த்துக் கவனியுங்கள். பழியை வெளியே அனுப்பும் கதைகளில் அதுவும் ஒன்று, ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்புக்குப் போதும்.

மாணவிக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். சுவீடனின் பதிவேடுகள் பிறந்த நாட்டை மட்டுமே காட்டும். இனமோ தாய்மொழியோ அவற்றில் இராது. பின்லாந்தில் தாய்மொழி பதிவாகிறது. ஆனால் சொரானியும் குர்மாஞ்சியும் "குர்து" என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடும். இரண்டையும் நீங்களேதான் பிரிக்க வேண்டும். பிறந்த மாவட்டம், வீட்டில் பேசும் வழக்கு, ஊரைவிட்டு வந்த ஆண்டு ஆகிய மூன்றையும் கேளுங்கள். 1990களில் வந்தவர் நினைவில் இருக்கும் ஊரும், 2011 சட்டத்துக்குப் பின் வந்தவர் விட்டுவந்த ஊரும் ஒன்றல்ல.

மறுமொழி 6: மகப்பேற்றுச் செவிலி

பழைய வாசகரின் பட்டியலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருத்தையும் அனுபவத்தையும் ஒரே அமர்வில் கேட்காதீர்கள். "இந்த வழக்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்ற கேள்வி முதலில் வந்துவிட்டால், கண்டித்துப் பேசி முடித்த பெண்ணால் அடுத்த நிமிடமே "எனக்கும் நடந்தது" என்று சொல்ல முடிவதில்லை. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், அதே வழக்கைப் பேசும் பெண்ணாகவும், அந்த ஊர்ச் சங்கத்தோடு தொடர்பில்லாதவராகவும் பார்த்து அழையுங்கள். முடிந்தால் தொலைபேசி வழியாக, பெயர் சொல்லாமல். சங்க அலுவலகத்தில் நேர்காணல் வைக்க வேண்டாம். அங்கே சுவரில் கொடி இருக்கும், அடுத்த அறையில் தேநீர் அருந்திக்கொண்டு செயலாளர் இருப்பார், உங்களுக்குக் கிடைப்பது அவர் கேட்க விரும்பும் பதிலாகத்தான் இருக்கும்.

பேசும்போது "சிதைப்பு" என்று நீங்களாகத் தொடங்காதீர்கள். அவர் எந்தப் பெயரால் அதைச் சொல்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள். ஆய்வேட்டில் எந்தப் பெயரை எழுதுவது என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். யாராவது பேசத் தொடங்கிவிட்டால், மகப்பேறு, சிறுநீர்ப்பாதை, மனநலம் ஆகியவற்றுக்கு எங்கே போகலாம் என்ற விவரம் எழுதிய தாளைச் சொரானியில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். எங்கள் மையத்தில் அது அரபியிலும் சோமாலியிலும் மட்டுமே இருந்தது.